சக்‌ஷன் சரி, டெலிவரி சரி, படகு மட்டும் சரியில்லை

காவேரிப்பட்டணத்தில் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. போருக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் பம்பை ஏற்றுவது, இறக்குவது, காயில் கட்டுவது, இம்பெல்லர் சுற்றும் கூடான பவுல் தேய்ந்தால் மாற்றுவது என்று இருபது வருடமாக இதே பிழைப்பு. ஆயிரம் அடி போரிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு ஒரு பொம்மைப் படகின் பம்ப் எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது.

படகு என் அக்கா மகனுடையது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். 90 சென்டிமீட்டர் நீளம், ஃபைபர் உடம்பு, ரிமோட்டில் ஓடும் ஜெட் படகு. வெளியே தண்ணீரைத் தள்ளும் காற்றாடி (புரொப்பெல்லர்) எதுவும் கிடையாது. அடியில் ஒரு வாய், அதற்குள் இம்பெல்லர் என்கிற இறக்கைச் சக்கரம், பின்னால் நாசில் என்கிற குறுகிய பீய்ச்சுக் குழாய். வாய் வழியாக இழுத்த தண்ணீரை நாசில் வழியாகப் பீய்ச்சும், அந்த உதைப்பில் படகு முன்னால் போகும். நாசிலை இடது வலது திருப்பினால் படகு திரும்பும். தனியாகச் சுக்கான் கிடையாது.

நியூசிலாந்தில் ஹாமில்டன் என்பவர் 1950களில் இந்த வகையை உருப்படியாக்கினார். அவர் ஊர் ஆறுகளில் கூழாங்கல்லும் முழங்கால் தண்ணீரும்தான். சாதாரணப் படகின் காற்றாடி அங்கே அடிபட்டுவிடும். பீய்ச்சும் தண்ணீரை ஆற்றுக்குள்ளேயே விடாமல் நீர்மட்டத்துக்கு மேலே காற்றில் விட்ட பிறகுதான் அவருக்கு வேகம் கிடைத்தது. 1960ல் அவருடைய படகுகள் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக எதிரோட்டத்தில் ஏறின. இதைப் படித்துவிட்டுத்தான் நம் பையன், “மாமா, நம்ம தென்பெண்ணைக்கும் இதுதான் லாயக்கு” என்றான். கோடையில் ஆற்றைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஒகேனக்கல்லில் விடலாம் என்றும் கேட்டான். பரிசல்காரர்கள் துடுப்பாலேயே அடிப்பார்கள் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தேன். ஓட்டியதெல்லாம் எங்கள் ஊர் ஏரியில்தான்.

முதலில் இருந்தது பிளாஸ்டிக்கில் அச்சடித்த 30 மில்லிமீட்டர் பம்ப். ஒரு சீசன் ஒழுங்காக ஓடியது. ஏரி மணலில் உள்சுவர் தேய்ந்து, இம்பெல்லருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் சந்து விழுந்துவிட்டது. மணல் இழுக்கும் போரில் பவுல் தேய்ந்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் மேலே வராது. அதே கதைதான். சரி, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெரியதாகவே போடுவோம் என்று 40 மில்லிமீட்டர் அலுமினியப் பம்பை ஆன்லைனில் வரவழைத்தோம். படகின் அடியை அகலமாக வெட்டினோம். பின்சுவர் ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிதாக்கினோம். ராவியது நான். இது பின்னால் வரும்.

கடையில் மோட்டார் சோதிக்கும் சிமெண்ட் தொட்டி இருக்கிறது. படகின் பின்சுவரில் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, தொட்டிச் சுவரில் ஸ்பிரிங் தராசை மாட்டி, முழு திராட்டில் கொடுத்துப் பார்த்தோம். முதல் ஐந்து விநாடிக்குள் முள்ளைப் படித்துவிட வேண்டும். அதற்கு மேல் தொட்டித் தண்ணீரே சுழல ஆரம்பித்துக் கணக்கைக் கெடுத்துவிடும். பழைய பம்ப் நல்ல நிலையில் இருந்தபோது 2.2 கிலோ இழுத்தது. புதியது 4.1 கிலோ. பையன் குதித்தான். 26 மில்லிமீட்டர் நாசிலை வைத்துக் கணக்குப் போட்டால், தண்ணீர் விநாடிக்கு 8.7 மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது. நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 275 லிட்டர், அதாவது பதினெட்டுக் குடம். ஹெட், அதாவது தண்ணீரைத் தூக்கும் உயரம், என்று பார்த்தால் நான்கு மீட்டர்கூட இல்லை. போர் பம்ப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ் உலகம். இங்கே உயரம் வேண்டாம், ஓட்டம்தான் வேண்டும்.

முதல் ஞாயிறு ஏரியில் இறக்கினோம்.

பாதி திராட்டில் வரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் படகு மூக்கைத் தூக்கியது, தொப்பென்று போட்டது, மறுபடி தூக்கியது. மாட்டு வண்டி பள்ளத்தில் விழுந்து எழுவது போல ஒரே தாளத்தில் ஆட்டம். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் மோட்டார் வீலென்று கத்தும், படகு ஓடாது. ஒரு விநாடி கழித்துப் பிடித்துக்கொண்டு விருட்டென்று பாயும். திருப்பினால் எப்போது வழுக்கும் என்று தெரியாது. இதெல்லாம் போதாதென்று எந்நேரமும் இடது பக்கம் லேசாகச் சாய்ந்தே ஓடியது. பழைய பம்போடு மணிக்கு 19 கிலோமீட்டரில் சாதுவாக ஓடிய அதே படகு.

அன்றைக்குச் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். கரையிலேயே உட்கார்ந்து பேட்டரியை முன்னால் தள்ளினோம், நாசிலுக்கு அடியில் வாஷர் கொடுத்தோம், வாய்க்குக் குறுக்கே குப்பை தடுக்கும் இன்டேக் கம்பிகளில் ஒன்றை வெட்டி எடுத்தோம், மூன்றையும் ஒரே நேரத்தில். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, கத்தல் கூடியது. எதனால் எது என்று யாருக்குத் தெரியும்? கடையில் ஒரு மோட்டார் ட்ரிப் ஆனால் கெபாசிட்டர், கேபிள், ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பேன். ஏரிக்கரைக்குப் போனதும் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. வெட்டிய கம்பி போக, மற்ற இரண்டையும் பழையபடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வாரம் கத்தலை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது எனக்குப் பழக்கமான நோய். பம்ப் திடீரென்று இலேசாகிக் கத்தினால் ஒன்று சக்‌ஷனில், அதாவது உறிஞ்சும் பக்கத்தில், காற்று, இல்லை அடைப்பு, இல்லை கேவிட்டேஷன். வாயில் பாசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தோம், இல்லை. கேவிட்டேஷன் என்றால் இம்பெல்லர் இறக்கையின் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் விழுந்து தண்ணீரே ஆவிக் குமிழியாகும், அந்தக் குமிழி உடனே நொறுங்கி வெடிக்கும். பம்புக்குள் ஜல்லியைக் கொட்டியது போலச் சத்தம் வரும். கழற்றிப் பார்த்தால் இறக்கை ஓரத்தில் எறும்பு கடித்த மாதிரிக் குழிகள் இருக்கும். இங்கே சத்தத்தில் ஜல்லி இல்லை, வெறும் ஊளை. இறக்கையும் கண்ணாடி மாதிரி இருந்தது. மீதி காற்று.

காற்று இரண்டு வழியாக வரலாம். மோட்டாரையும் இம்பெல்லரையும் இணைக்கும் ஷாஃப்ட் ஓடும் குழாயில் கிரீஸ் குறைந்திருந்தால் படகின் உள்ளிருந்து காற்றை இழுக்கும். அப்படியென்றால் தொட்டியில் கட்டி வைத்து ஓட்டும்போதே தெரிய வேண்டும், ஏனென்றால் நின்றுகொண்டு இழுக்கும்போதுதான் வாயில் உறிஞ்சல் அதிகம். தொட்டியில் ஓட்டிப் பார்த்தோம். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குமே, அந்த வெளுப்பு பீய்ச்சலில் இருந்தால் காற்று. எங்களுக்கு வந்தது நல்ல தெளிந்த தண்ணீர். ஆக, குழாய் சரி. படகு ஓடும்போது மட்டும் வெளியிலிருந்து காற்று வருகிறது.

எங்கிருந்து? இதற்குப் பையன் சொன்ன யோசனை அருமையானது. ரெட் ஆக்சைடு பெயிண்டில் விளக்கெண்ணெய் கலந்து, படகின் அடியில் அங்கங்கே மொச்சைக் கொட்டை அளவு பொட்டு வைத்தான். ஒரே ஒரு ஓட்டம். எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தால் ஒவ்வொரு பொட்டும் தண்ணீர் போன வழியில் கோடு இழுத்திருந்தது. அடியில் நீளவாக்கில் இரண்டு வரப்புகள் உண்டு, படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கொடுக்க. அந்த வரப்புகளை ஒட்டி வைத்த பொட்டுகளின் கோடு நேராக இன்டேக் வாய்க்குள் போய் முடிந்தது. மூக்கு தண்ணீரை அடிக்கும்போது வரப்பின் ஓரத்தில் காற்றுக் குமிழி சிக்கும். அது வரப்பைப் பிடித்துக்கொண்டே பின்னால் வரும். பழைய வாய் குறுகல், இரண்டு வரப்புக்கும் நடுவில் அடங்கிவிட்டது. புதிய வாய் அகலம், வரப்பின் முனைகள் சரியாக அதன் இரண்டு மூலைகளிலும் வந்து முடிந்தன. வெட்டி ஒட்டும்போது இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வரப்பு என்றால் ஏதோ அழகுக் கோடு என்று எனக்கு நினைப்பு.

வாய்க்கு முன்னால் ஒரு சாண் அளவுக்கு இரண்டு வரப்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தோம். தேய்த்த இடத்தில் ஃபைபர் நூல் தெரிந்ததால் ஒரு கை எபாக்சிப் பசை பூசிக் காயவிட்டோம். மூன்றாவது ஞாயிறு கத்தல் போயே போய்விட்டது.

ஆட்டம் போகவில்லை. காற்று நின்றதால் உதைப்பு கூடி, ஆட்டம் இன்னும் ஜோராக வந்தது.

மூக்கு ஏறி இறங்குவதற்கு எடை பின்னால் போனதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. பழைய பம்ப் 120 கிராம், புதியது 430. அதிகமான 310 கிராம் முழுக்க வாலில் உட்கார்ந்திருக்கிறது. படகை ஒரு பென்சில் மேல் குறுக்கே வைத்து நிதானம் பார்த்ததில், பழையபடி பின்சுவரிலிருந்து 34 சென்டிமீட்டரில் நின்ற இடம் இப்போது 32க்கு வந்திருந்தது. அரைக்கிலோ பேட்டரியை 12 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தி 33 சொச்சத்துக்குக் கொண்டுவந்தோம். ஆட்டம் பாதியானது. அதற்கு மேல் பேட்டரி போக இடமில்லை.

இங்கேதான் குறுக்கு வழியில் போனேன். நாசிலைக் கொஞ்சம் கீழ்ப்பக்கம் பார்க்க வைத்தால் பீய்ச்சல் வாலைத் தூக்கும், மூக்கு தானாக அமுங்கும். வாஷர் கொடுத்து நான்கு டிகிரி சாய்த்தோம். நேராக ஓடும்போது ஆட்டம் சுத்தமாக நின்றுவிட்டது. பார்த்தியா என்று அவன் முதுகில் தட்டினேன். அப்புறம் அவன் திருப்பினான். மூக்கு தண்ணீரைக் கவ்வியது, வால் வெளியே ஓடியது, படகு பம்பரம் மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எங்களைப் பார்த்து நின்றது. மூக்கு ஆழமாகப் போனால் படகு அதையே ஆணியாக வைத்துத் திரும்பும். இரண்டாம் முறை கரைக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஆனதும் பையன் பயந்து திராட்டிலை விட்டுவிட்டான். அதுதான் செய்யக்கூடாதது. ஜெட் படகில் பீய்ச்சல் நின்றால் ஸ்டியரிங்கும் நின்றது என்று அர்த்தம். நாசில் எந்தப் பக்கம் பார்த்தாலும் படகு போன திசையிலேயே போகும். போய்க் கரைக்கல்லில் முட்டியது. மூக்கில் இரண்டு விரல் நீளத்துக்கு விரிசல். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “பொம்மைக்கு இன்ஸூரன்ஸ் உண்டா தம்பி?” என்று கேட்டார்.

விரிசலை ஒட்டுவதற்காகப் படகைக் கடை மேசையில் கவிழ்த்துப் போட்டிருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒட்டுத் துணி வெட்டுவதற்கு வைத்திருந்த ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலைத் தற்செயலாக அடித்தட்டின் மேல் நீளவாக்கில் வைத்தேன். எதிரே டியூப்லைட். வாய் வரைக்கும் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் இல்லை. வாய்க்குப் பின்னால், கடைசி 9 சென்டிமீட்டரில், வெளிச்சம் மெல்லிய கோடாக ஆரம்பித்துப் பின்சுவரில் தடித்திருந்தது. சந்தை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் ஒன்றரை மில்லிமீட்டர். அதாவது படகு நிமிர்ந்து மிதக்கும்போது அடித்தட்டின் கடைசிப் பகுதி மேல்நோக்கி வளைந்திருக்கிறது.

காரணம் என் அரம். பின்சுவர் ஓட்டையை அடிவரை திறந்துவிட்டதோடு, மேல்பக்கம் தேவைக்கு மேல் ராவியிருந்தேன். பம்பின் வால் அந்த அளவுக்கு உயரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு பம்பின் விளிம்பான ஃபிளேஞ்சின் போல்ட்டுகளை முறுக்க முறுக்க, மெல்லிய ஃபைபர் தரை பம்பைத் தேடி மேலே போயிருக்கிறது. இறுகிவிட்டது, ஒழுகவில்லை, அலைன்மெண்ட் சரி, ஷாஃப்ட் கையால் சுற்றினால் சுற்றுகிறது. பம்ப் மெக்கானிக்காக எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. போர் பம்புக்குக் குழாயின் வெளிப்பக்கம் எப்படி இருந்தால் யாருக்கு என்ன கவலை? இங்கே பம்ப் உட்காரும் தரைதான் படகு ஓடும் கால்.

ஒன்றரை மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று பையன் நம்பவில்லை. தொட்டிக் குழாயைத் திறந்து, ஒரு கரண்டியின் காம்பை இரண்டு விரலில் தொங்கப் பிடித்து, அதன் முதுகை மெதுவாக ஒழுக்கில் தொடச் சொன்னேன். தண்ணீர் தள்ளிவிடும் என்று நினைப்போம், ஆனால் கரண்டி ஒழுக்குக்குள் இழுபடும். வளைந்த முதுகில் ஓடும் தண்ணீர் வளைவோடு ஒட்டிக்கொண்டே போகும், போகும்போது கரண்டியைத் தன் பக்கம் இழுக்கும். படகின் வாலும் அப்போது ஒரு கரண்டி முதுகு. வேகம் கூடக் கூட வால் தண்ணீருக்குள் இழுபடும், மூக்கு ஏறும். ஏறிய மூக்கு எடையால் விழும். மறுபடி முதலிலிருந்து. மணிக்கு இருபது கிலோமீட்டர் ஓடும் தண்ணீருக்கு அந்த ஒன்றரை மில்லி நன்றாகவே தெரிகிறது.

பம்பைப் பெயர்க்க முடியாது, எபாக்சியில் புதைந்திருக்கிறது. தரையை நிரப்புவதுதான் வழி. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் முழுக்கச் செலோடேப் ஒட்டினோம். டேப்பில் எபாக்சி ஒட்டாது. தரையைக் கரடுமுரடாகத் தேய்த்து, எபாக்சியில் முகப்பவுடர் கலந்து இட்லி மாவு பதத்துக்குக் கொண்டுவந்து பள்ளத்தில் தடவி, கண்ணாடியை முன்பக்க நல்ல தரையோடு சேர்த்து அழுத்தி வைத்தோம். வழிந்ததை ஐஸ்கிரீம் குச்சியால் வழித்தோம். கண்ணாடி என்பதால் உள்ளே காற்றுக் குமிழி நிற்கிறதா என்று மேலிருந்தே பார்க்கலாம். இரண்டு நிற்கத்தான் செய்தன, கண்ணாடியை லேசாக நகர்த்தி வெளியேற்றினோம். மறுநாள் காலை கண்ணாடி ஒரு தட்டில் கழன்று வந்தது. தரை பளிங்கு. ஸ்கேல் வைத்தால் டியூப்லைட் தெரியவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பின்சுவரில் தரை முடியும் ஓரத்தை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பையன் உப்புத்தாளால் உருட்டப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த ஓரம் கத்தி மாதிரி இருக்க வேண்டும், தண்ணீர் அங்கே சட்டென்று விட்டுப் பிரிய வேண்டும். உருட்டினால் மறுபடியும் கரண்டி. அதற்கு மாறாக இன்டேக் வாயின் பின் உதடு கத்தியாக இருக்கக்கூடாது, அதை லேசாக உருட்டலாம்.

நாசில் வாஷர்களை எடுத்துவிட்டு ஐந்தாவது ஞாயிறு இறக்கினோம். மூக்கு கொஞ்சம் ஏறி அப்படியே நின்றது. முழு திராட்டிலில் ஜிபிஎஸ் 26 கிலோமீட்டர் காட்டியது. திருப்பத்தில் வால் வழுக்கவில்லை. முன்பே திராட்டிலைக் கொஞ்சம் குறைத்து, திருப்பும்போது கூட்ட வேண்டும் என்று அவனுக்கும் கை பழகிவிட்டது. இடது சாய்வு மட்டும் பாக்கி. பெரிய இம்பெல்லர் ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு மறுபக்கம் சாயத்தான் செய்யும். பேட்டரியை ஒரு விரல் அகலம் வலப்பக்கம் நகர்த்தினோம், முக்கால்வாசி போனது. மீதியை நான் கண்டுகொள்ளவில்லை.

முதல் வாரம் அவசரத்தில் வெட்டி எடுத்த இன்டேக் கம்பிக்குப் பதிலாகச் சைக்கிள் ஸ்போக் ஒன்றை நறுக்கிப் போட்டிருக்கிறோம். இல்லையென்றால் தாமரைக்கொடி நேராக இம்பெல்லருக்குப் போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் படகைக் கவிழ்த்து அந்தக் கம்பிகளில் விரலை ஓட்டிப் பார்க்கிறோம்.

பையன் இப்போது இரண்டாவது படகுக்கு அச்சு எடுக்க ஆரம்பித்திருக்கிறான், இந்த முறை ஒரு மீட்டர் இருபதாம். பின்சுவர் ஓட்டையை அவனே ராவிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேலைப் பிடித்துக்கொள்கிறேன்.